வடியும் நேரம்

முதலில் சத்தத்தை இறக்கு.
ஸ்பீக்கர், ஹெட்ஃபோன், இரண்டையும்.
பிறகு வயர். மூன்று முள்ளும் மூன்று குழியும்
ஒன்றையொன்று கண்டுகொண்டு
'க்ளிக்' என்னும்வரை கையை எடுக்காதே.
அதற்கப்புறம்தான் அந்தச் சிவப்புப் பொத்தான்:
நாற்பத்தெட்டு வோல்ட்.

இந்த வரிசையை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.
ஒரு ரிப்பன் மைக் செத்துச் சொல்லிக்கொடுத்தது.
சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைவிட மெல்லிய
அலுமினிய நாடா அதற்குள்.
ஊதினாலே நெளிந்துவிடும்.
சிவப்பு எரிவதைப் பார்க்காமல்
சாய்வாகச் செருகிய ஒரு பழைய வயரோடு
அதன்மேல் மின்சாரத்தை ஏவினேன்.
டப்.
குந்தர்ஸ் திட்டவில்லை. பழுதுபார்த்த சீட்டை
என் தேநீர்க் கோப்பைக்கு அடியில் வைத்துவிட்டுப் போனார்.
நூற்றெண்பது யூரோ.
இப்போது அது அலமாரியின் மேல்தட்டில்,
கழுத்தில் என் கையெழுத்தோடு:
'இதற்கு வேண்டாம்.'

ரிகாவில் பிப்ரவரி.
தௌகவா ஆற்றின் மேல் ஆட்கள் நடக்கிறார்கள்.
காற்று அவ்வளவு காய்ந்திருக்கிறது
கம்பளிச் சட்டையைக் கழற்றினால் பொறி பறக்கிறது.
ஸ்கைத்ரீதெ உள்ளே வந்து
கையுறையைக் கழற்றாமலே நாற்காலியை இழுத்தாள்.

பதினோரு வருடமாக
வடகிழக்கு ரயிலின் குரல் அவள்.
சிகுல்தா, த்ஸேசிஸ், வல்மியெரா என்று
முகம் காட்டாமல்
கதவுகளைத் திறந்துகொண்டிருப்பவள்.
கடையில் கம்பு ரொட்டி கேட்டால்
விற்பவள் சட்டென்று
தன் பையை எடுத்துக்கொள்வாளாம்,
இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டதுபோல.

வேலை சின்னது.
ஒரு நிலையத்தை மூடிவிட்டார்கள். சார்மெனே.
வெட்டி ஒட்டிவிடுங்களேன் என்றது அலுவலகம்.
வெட்டிப் பார்த்தேன்.
அந்தப் பெயருக்கான மூச்சு
அதற்கு மூன்று சொல் முன்னாலேயே தொடங்கியிருக்கிறது.
பெயரை எடுத்ததும்
இருட்டில் இல்லாத படியில் கால் வைத்ததுபோல்
குரல் தடுக்குகிறது.

ஆகவே புதிதாக. சத்தம் இறக்கி, வயர் செருகி,
சிவப்பை அழுத்தி, மைக் நிதானத்துக்கு வரக் காத்திருந்து.
முதல் முறை ஹீட்டர் குழாய் இருமியது.
இரண்டாவதில் அவள்
பழக்கத்தில் சார்மெனே என்றுவிட்டாள்.
நான்காவது சரி.

ஃபேடரைக் கீழே இழுத்தேன். சிவப்பை அணைத்தேன்.
அவள் கை வயருக்குப் போனது.
"தொடாதீங்க. இன்னும் வடியலை."
"எது?"
"மின்சாரம். அணைச்சவுடனே போயிடாது.
உள்ளே கொஞ்சம் தங்கும்."
"எவ்வளவு நேரம்?"
"ஒரு நிமிஷம் விட்டுடுவேன் நான்."

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள்.
மைக்கைப் பார்த்தாள்.
குனிந்து, யாருக்கும் கதவு திறக்காத குரலில்,
சார்மெனே என்றாள்.

மீட்டரின் முள் எழுந்தது.
சார்மெனே.
பாதிக்கு எழுந்தது. மணல் உரசுகிற மாதிரி ஒரு கரகரப்பு.
சார்மெனே.
முள் தன் இடத்திலேயே நடுங்கி நின்றுவிட்டது.
நான்காவது முறை உதடு மட்டும் அசைந்ததா,
குரலும் வந்ததா, கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து
சொல்லத் தெரியவில்லை.

"அங்கே யாராவது இருந்தாங்களா உங்களுக்கு?"
"யாருமில்லை. ஒரு தடவைகூட இறங்கினதில்லை.
வாய்க்கு நல்லா இருக்கும் அந்தப் பேர், அவ்வளவுதான்."

பதிவை நான் நிறுத்தியிருக்கவில்லை.
சொல்லலாமா என்று யோசித்து
வயரைச் சுருட்ட ஆரம்பித்தேன்.
உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று
முறுக்கில்லாமல் சுருட்டுவதற்கு
நல்ல கவனம் வேண்டும்.

அவள் கோட்டை மாட்டிக்கொண்டு
கதவுப் பிடியைத் தொட்டதும் சுளீரென்று ஒரு பொறி.
கையை உதறிச் சிரித்தாள்:
"இதுக்கு யாரு பொத்தானை அழுத்தினது?"